தட்டான் குடும்பத்தில் விட்டுப்போன எழுத்து

ஹெலிகாப்டர் தொழிற்சாலையின் ரெக்கார்டு அறையைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவை, வாசல் காவலாளி முதல் தலைமை வடிவமைப்பாளர் வரை எல்லோரும் ரெக்கார்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். முப்பத்து மூன்று வருடமாக அதே அறை. கையில் வெள்ளைப் பருத்தி உறை, மூக்கில் பழைய நகலெடுக்கும் இயந்திரத்தின் நெடி, எதிரே நாற்பத்தோரு இரும்பு அலமாரிகள். யார் வந்து எந்த வரைபடத்தைக் கேட்டாலும், "மூணாவது வரிசை, கீழ இருந்து ரெண்டாவது டிராயர்" என்று தலை நிமிராமலே சொல்லிவிடுவார். போய்த் திறந்தால் அங்கேதான் இருக்கும்.

அந்தத் தொழிற்சாலை ஐம்பது வருடமாகச் செய்துவந்தது ஒரே குடும்பத்து ஹெலிகாப்டர்களை. சின்ன ரகம். ஐந்தாறு பேர் உட்காரலாம், அல்லது ஒரு நோயாளியைப் படுக்கவைக்கலாம், அல்லது வயிற்றில் கொக்கி மாட்டி மின்கம்பம் தூக்கலாம். காகிதத்தில் அதற்கு ஒரு நீளமான பெயர் இருந்தது. அதை யாரும் முழுதாகச் சொல்லிக் கேட்டதில்லை. உருண்டைக் கண்ணாடி மூக்கும் மெலிந்த வாலுமாக இருந்ததைப் பார்த்து, முதல் வண்டி வெளியே வந்த அன்றே யாரோ தட்டான் என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்காவின் கணவரும் அங்கேதான் வேலை பார்த்தார். இன்ஜின் பிரிவில் ஃபிட்டர். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிவிட்டது. இடது காது சரியாகக் கேட்காது. அவரிடம் ஒரு கதை உண்டு. வீட்டுக்கு நாலு பேர் வந்தால் போதும், அக்காவின் தம்பி எடுத்துக் கொடுப்பார். "மாமா, அந்த ஸ்பேனர் கதை?"

"அது சும்மா ஒரு வேலைதான்" என்று ஆரம்பிப்பார் கணவர். அந்தப் பணிவும் கதையில் ஒரு பகுதி. "வண்டி நிக்கிற ஹேங்கர் மூலையில திரை போட்டு மறைச்சிருந்தாங்க. பதினோரு பேருக்குத்தான் உள்ள அனுமதி. டி தட்டான் ஒண்ணுல இருந்த ஒத்த இன்ஜினைத் தூக்கிட்டு, ரெண்டு சின்ன இன்ஜினை வெச்சோம். அதுக்கு இ தட்டான்னு பேரு. இடது பக்கம் கடைசி போல்ட் இருக்கு பாருங்க, எந்த ஸ்பேனரும் உள்ள போகல. ஆளாளுக்குக் கையைப் பிசையறாங்க. நான் ஒரு ஸ்பேனரைச் சூடு பண்ணி, வளைச்சு, உள்ள விட்டேன். திரும்பிடுச்சு."

"அப்புறம் மாமா?"

"அப்புறம் என்ன, ரெண்டு இன்ஜினும் ஒண்ணா ஓடுச்சு. அன்னிக்குப் போனதுதான் இந்தக் காது."

இருபது தடவை கேட்ட தம்பியும் இருபத்தோராவது தடவை வாயைப் பிளப்பார். அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது இதைத்தான் எழுதினாள். அக்காவும் இதைப் பக்கத்து வீட்டாரிடம் பல முறை சொல்லியிருக்கிறார். எந்த வருடம், எந்த மாதம் என்று கணவர் சொன்னதில்லை. அக்கா கேட்டதும் இல்லை.

சமீபத்தில் தொழிற்சாலைக்குப் புதிதாக ஒரு பெண் மேலாளர் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். இதற்கு முன் டிராக்டர் கம்பெனியில் இருந்தவர். முதல் தட்டான் பறந்து ஐம்பது வருடம் நிறைவதை ஒட்டி, வருகிறவர்கள் உட்காரும் கூடத்தின் சுவரில் ஒரு பெரிய படம் மாட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார். அக்காவைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்ல அக்கா. நம்ம தட்டான்ல எத்தனை வகை வந்திருக்கு, எதுக்கப்புறம் எது, எந்த வருஷம், எதை எதுக்காக மாத்துனோம். குடும்பப் படம் மாதிரி. தாத்தா, அப்பா, பிள்ளைன்னு. நாலு வாரம் போதுமா?"

"ரெண்டு நாள் போதும் மேடம்" என்றார் அக்கா. அப்படிச் சொன்னதை நினைத்துப் பின்னால் அவரே பல தடவை தலையில் அடித்துக்கொண்டார்.

முதலில் எத்தனை வகை என்று எண்ண வேண்டும். எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்து வடிவமைப்புப் பிரிவுக்குப் போனார். ஐந்து என்றார்கள். உற்பத்திப் பிரிவில் ஆறு. விற்பனைப் பிரிவில் ஒன்பது. அவர்கள் நாற்காலியை மாற்றிப் போட்டதையெல்லாம் ஒரு வகையாகக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். சோதனை விமானி ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரையும் கேட்டார்.

"ரெண்டே வகைதான் அக்கா. மலை ஏறுறது ஒண்ணு, ஏறாதது ஒண்ணு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அறைக்குத் திரும்பி வந்து தாளில் எழுதிப் பார்த்தபோது, அந்த விமானி சொன்னதுதான் மற்ற எல்லோரும் சொன்னதைவிடத் தெளிவாக இருப்பதுபோல் பட்டது.

தானே எழுதிப் பார்ப்பது என்று உட்கார்ந்தார். முதலில் ஏ. ஒற்றை இன்ஜின், ஐந்து இருக்கை, சக்கரத்துக்குப் பதில் சறுக்குக்கால். குளிர்ந்த காலையில் நன்றாகப் பறந்தது. வெயில் ஏறினால் மூச்சு வாங்கியது. அதனால் பி. அதே உடம்பு, பெரிய இன்ஜின். இன்ஜின் பெரிதானதும் மேல் விசிறியை நீட்டினார்கள். மேல் விசிறி நீண்டதும் அது வாலில் இடித்துவிடக் கூடாதே என்று வாலை நீட்டினார்கள். அடுத்தது சி. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ள வழி கேட்டார்கள். உடம்பை ஒரு முழம் நீட்டிப் பின்னால் இரட்டைக் கதவு வைத்தார்கள். அடுத்தது டி. தரையைக் கனமாக்கி, அடியில் கொக்கி வைத்தது. பாரம் தூக்க.

டி-க்கு அடுத்தது எஃப். நகரத்துக்கு மேல் பறக்க வேண்டுமானால் இரண்டு இன்ஜின் வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு செய்தது. இரண்டு இன்ஜின், வாலில் வளையத்துக்குள் அடங்கிய விசிறி. அதற்கடுத்து ஜி. எஃப்-இல் விமானிக்கு எதிரே இருந்த முள் காட்டும் கருவிகளை எடுத்துவிட்டுத் திரைகள் வைத்தது.

எழுதி முடித்துவிட்டுப் பார்த்தார். ஏ, பி, சி, டி, எஃப், ஜி. ஆறு. சரி, உற்பத்திப் பிரிவு சொன்னது சரி. ஆனால் இ எங்கே?

வீட்டில் எத்தனையோ தடவை கேட்ட எழுத்து அது. ஆனால் அறையில் ஒரு நாள்கூட அந்த எழுத்தைத் தேடி யாரும் வந்ததில்லை. இரண்டையும் சேர்த்து வைத்து அக்கா யோசித்துப் பார்த்ததே இல்லை. வீட்டு விஷயம் வீட்டில், அலுவலக விஷயம் அலுவலகத்தில் என்று இருந்துவிட்டார்.

தலைமை வடிவமைப்பாளரிடம் போய்க் கேட்டார்.

"இ-ன்னு ஒண்ணு கிடையாது அக்கா. கையால எழுதும்போது இங்கிலீஷ் இ-யும் எஃப்-உம் ஒரே மாதிரி இருக்கும், கீழ ஒரு கோடுதான் வித்தியாசம். பட்டறையில குழப்பம் வரும்னு அந்த எழுத்தையே தாண்டிட்டாங்க. நான் சேர்ந்தப்பவே அப்படித்தான் சொன்னாங்க."

"யாரு சார் சொன்னது?"

அவர் யோசித்தார். "எல்லாரும்தான்."

அக்கா அறைக்கு வந்து பதிவேட்டைப் பிரித்தார். ஒவ்வொரு வகைக்கும் வரைபட எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். டி-க்கும் எஃப்-க்கும் நடுவில் நூற்று நாற்பது எண்கள் ஒதுக்கி, வெறுமனே விடப்பட்டிருந்தன. முதல் எண்ணுக்கு நேரே மட்டும் ‘ரத்து’ என்று ஒரு சொல். அந்தப் பக்கம் முழுக்க அவர் கையெழுத்துதான். அந்த ஒரு சொல் மட்டும் வேறு யாரோ எழுதியது. அவர் விடுப்பில் இருந்த ஏதோ ஒரு சமயம் தற்காலிகமாக வந்திருந்த ஒருத்தி எழுதியிருக்க வேண்டும். கோணல் மாணலாக இருந்தது.

அன்று மாலை கணவரிடம் சொன்னார். "இ-க்கு ஒரு தாள்கூட இல்லைங்க."

"தாள் இல்லன்னா?"

"தாள் இல்லன்னா படத்துல போட முடியாது."

கணவருக்கு நன்றாகக் கேட்கும் வலது காது அக்காவின் பக்கம்தான் இருந்தது. "அப்போ நான் முப்பது வருஷமா பொய்யா சொல்லிட்டிருக்கேன்?"

"அப்படி நான் சொன்னேனா?"

"சொல்லல. முகம் சொல்லுது."

இரண்டு நாள் அவர் சரியாகப் பேசவில்லை. அக்காவுக்கோ எதை நம்புவது என்று தெரியவில்லை. முப்பத்து மூன்று வருடம் தாளை நம்பிச் சம்பாதித்தவர். முப்பத்தோரு வருடம் இந்த மனுஷனோடு குடித்தனம் செய்தவர். ஒன்று சரி என்றால் இன்னொன்று தப்பு. பேருந்தில் போகும்போது இதையே நினைத்து இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டு, திரும்ப நடந்து வந்தார்.

நடந்து வரும்போதுதான் எடைக்காரர் ஞாபகம் வந்தது.

புதிய வண்டியோ பழைய வண்டியோ, ஏதாவது மாற்றினால் எடை போட்டாக வேண்டும். எரிபொருளை வடித்துவிட்டு, மூன்று ஜாக்கிகளில் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு ஜாக்கிக்கு மேலும் உள்ள கருவி காட்டும் எண்ணைக் கூட்டினால் அதுதான் வண்டியின் வெறும் எடை. அதை எழுதிக் கையெழுத்துப் போடாமல் எந்தத் தட்டானும் தரையை விட்டு எழும்பக் கூடாது. இந்த வேலையை நாற்பது வருடமாக ஒரே ஆள்தான் செய்துவந்தார். காற்று அடித்தால் எண் ஆடும் என்று ஹேங்கர் கதவுகளைச் சாத்திவிட்டு, பக்கத்தில் ஒருவரையும் தும்மக்கூட விடமாட்டார். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். அக்காவைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"அண்ணே, டி தட்டான்ல ஏதாவது ஒண்ணுக்கு ரெண்டு இன்ஜின் போட்டு எடை பார்த்தீங்களா? பழைய விஷயம்."

எடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலமாரியிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து, தேடாமலே ஒரு பக்கத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்தின் மூலை அழுக்காக இருந்தது. அடிக்கடி திறந்த பக்கம் போல.

"டி பதினாலு. நீயே பாரு தங்கச்சி."

அக்கா படித்தார். ஜனவரி இருபது: ஆயிரத்து இருநூற்று நான்கு கிலோ. ஏப்ரல் இரண்டு: ஆயிரத்து முந்நூற்று எழுபத்தொன்று. பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘இரண்டு இன்ஜினுடன், இ’ என்று இருந்தது. ஜூன் பத்தொன்பது: ஆயிரத்து இருநூற்றுப் பத்தொன்பது. ‘மீண்டும் ஒரே இன்ஜின், டி.’

"இருந்திருக்கு" என்றார் அக்கா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "இ இருந்திருக்குண்ணே. எங்க வீட்டுல சொன்னது நிஜம்."

"இருந்துச்சு. யாரு இல்லன்னது? ஆனா என்னை அரிச்சிட்டிருக்கிறது அது இல்ல. போட்டதையெல்லாம் எடுத்துட்டு, பழைய இன்ஜினை வெச்சா, பழைய எடைதானே வரணும்? பதினஞ்சு கிலோ கூட வருது. மூணு தடவை எடை போட்டேன். மூணு தடவையும் அதே. என்ன அதுன்னு யாரைக் கேட்டாலும் தெரியலன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் தெரியல."

அக்கா அவர் சொன்னதைப் பாதிக் காதில்தான் வாங்கினார். தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் எது என்று இப்போதுதான் கவனித்தார். மகள் பிறந்த வருடம்.

மகள் மார்ச் ஒன்பதாம் தேதி பிறந்தாள். அப்போது கணவர் ஊரில் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் பி தட்டான்களுக்குக் கியர்பெட்டியில் தொந்தரவு என்று, எங்கோ மலைமேல் ஒரு முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். ஜனவரி ஆறாம் தேதி போனவர். இடையில் ஒரு தடவைகூட வரவில்லை. மே மாதம் இருபத்தெட்டாம் தேதி வந்து, தன் மகளை முதல் தடவையாகத் தூக்கினார். அவள் வீல் என்று கத்தினாள். பெற்றவளுக்கு இந்தத் தேதிகள் மறக்குமா? நூறு அலமாரிகள் இருந்தாலும் இதற்கு அலமாரி தேவையில்லை.

டி பதினான்கு புதிதாக முடிந்து முதல் தடவை எடை போட்டபோதே கணவர் மலையில் இருந்தார். இரண்டு இன்ஜின் ஏற்றி எடை போட்டபோதும் மலையில்தான் இருந்தார். வளைந்த ஸ்பேனர், கடைசி போல்ட், ஒன்றாக ஓடிய இரண்டு இன்ஜின், எல்லாமே அவர் இல்லாத நாட்களில் நடந்தவை.

"என்னாச்சு தங்கச்சி? இ கிடைச்சதுன்னு சந்தோஷப்பட்டே. இப்ப மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. இந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்துக்கட்டுமா?"

அந்த வாரம் முழுக்க அக்கா நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். சொல்வதா வேண்டாமா என்று ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இல்லாத ஒன்றை இருந்ததாகச் சொல்லியிருந்தால் கோபப்படலாம். இருந்த ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் அங்கே அவர் இல்லை. இதற்குக் கோபப்படுவதா, சிரிப்பதா? மகளிடம் போனில் பேசும்போது வாய் வரை வந்தது. "அப்பா எப்படி இருக்கார்?" என்று அவள் கேட்டாள். "இருக்கார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் சாப்பாட்டு மேசையில் குக்கரின் கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொண்டு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா நகலை அவருக்கு முன்னால் வைத்தார்.

"இது கிடைச்சுதுங்க."

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஏப்ரல் வரிக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. "பார்த்தியா. பார்த்தியா, இ-ன்னே போட்டிருக்கான்."

"தேதியையும் பாருங்க."

பார்த்தார். திரும்பப் பார்த்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த எடைக்காரனுக்குக் கையெழுத்தே வராது. நாலுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாம எழுதுவான்."

"மாசத்தை எழுத்துல எழுதியிருக்கார். ஏப்ரல்னு."

கணவர் தாளைக் கீழே வைத்துவிட்டுக் குக்கர் கைப்பிடியைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா எழுந்து போகவில்லை.

"மலையில இருந்து மே கடைசியில வந்தேன்" என்றார். "வந்து ரெண்டாம் நாள் திரைக்குள்ள போகச் சொன்னாங்க. போய்ப் பார்த்தா, அது நிக்குது. ரெண்டு இன்ஜினோட. அப்படி ஒரு அழகு. நான் பார்த்தேன். அதுல பொய் இல்ல."

"போட்டது நீங்க இல்ல."

"போட்டவங்க வேற. எங்களைக் கழட்டத்தான் கூப்பிட்டாங்க."

"கழட்டவா?"

"பதினோரு பேர். மூணு வாரம். ஒவ்வொண்ணாக் கழட்டி, துடைச்சு, பெட்டியில வெச்சோம். அந்த இடது பக்கத்துப் போல்ட், சத்தியமா, கழட்டவும் ஸ்பேனர் போகல. நான்தான் வளைச்சேன். அது நிஜம்."

"பின்ன ஏன் போட்டேன்னு சொன்னீங்க?"

கணவர் குக்கர் கைப்பிடியைக் கீழே வைத்தார். வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"முதல் தடவை உன் தம்பிகிட்டச் சொல்லும்போது கழட்டினேன்னுதான் சொல்ல வந்தேன். அவன் அதுக்குள்ள ‘ரெண்டு இன்ஜின் போட்டீங்களா மாமா’ன்னு கண்ணை விரிச்சுட்டான். ஆமான்னுட்டேன். கழட்டினேன்னு சொன்னா யாரு கேப்பா? அப்புறம் ஒவ்வொரு தடவையும் அப்படியே வந்துடுச்சு. இப்போ எனக்கே, நான் போட்ட மாதிரிதான் கண்ணுல நிக்குது. திருகுறப்போ கை எந்தப் பக்கம் திரும்பிச்சுன்னு கேட்டா, வலது பக்கம், முடுக்குற பக்கம்னுதான் சொல்வேன்."

"சரி, காது?"

"காது என்ன?"

"ரெண்டு இன்ஜினும் ஒண்ணா ஓடின அன்னிக்குப் போச்சுன்னீங்களே. அது ஓடினப்போ நீங்க மலையில இருந்தீங்க."

கணவர் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். நிஜமாகவே யோசிப்பவர் போல இருந்தார். "அப்போ இது எப்பப் போச்சு?" என்று அக்காவையே கேட்டார்.

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எது முதலில் வந்தது என்று பின்னால் தம்பியிடம் சொல்லும்போது அவரால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் பெருமையாகக் கேட்ட கதை கையில் பாதி இருக்கிறது, பாதி இல்லை. ஏமாற்றினார் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஏமாற்றவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. பேச்சை மாற்றத்தான் எடைக்காரரின் பதினைந்து கிலோவைச் சொன்னார்.

கணவர் சட்டென்று நிமிர்ந்தார். "அது தட்டு. ரெண்டு இன்ஜினுக்கும் நடுவுல நெருப்பு தாண்டாம இருக்க ஒரு எஃகுத் தட்டு வெச்சிருந்தாங்க. போல்ட் இல்ல, ரிவெட் அடிச்சிருந்தாங்க. எடுத்தா மேல் கூடே கிழிஞ்சிடும். அதை அப்படியே விட்டுட்டு மேல மூடிட்டோம். ஒன்பது கிலோ இருக்கும்."

"மீதி ஆறு?"

"தெரியல."

மறுநாள் காலை அக்கா முதலில் எடைக்காரரிடம் போய்த் தட்டைப் பற்றிச் சொன்னார். அவர் அசையாமல் கேட்டார். பென்சிலை எடுத்து, அந்தப் பழைய பக்கத்தில் பதினைந்துக்குப் பக்கத்தில் ஒன்பதைக் கழித்து ஆறு என்று எழுதினார்.

"உன் வீட்டுக்காரரு இத்தனை வருஷம் என் எதிருலயே தேநீர் குடிச்சாரு தங்கச்சி. ஒரு வார்த்தை சொல்லல."

"நீங்க கேட்டீங்களாண்ணே?"

"போட்டவங்ககிட்ட எல்லாம் கேட்டேன், எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு நினைச்சிருந்தாங்க. கழட்டினவங்ககிட்டக் கேக்கணும்னு தோணல."

அடுத்து மேலாளரிடம் போனார். மேலாளர் படத்துக்கான காகிதத்தைப் பார்த்தார். டி-க்கும் எஃப்-க்கும் நடுவில் அக்கா ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"இது என்ன அக்கா?"

"இ, மேடம்."

"இ இல்லன்னு வடிவமைப்புல சொன்னாங்களே."

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. ஆனா தனியாச் செஞ்சது இல்ல. டி பதினாலு கொஞ்ச நாள் இ-யா இருந்துச்சு. அப்புறம் திரும்ப டி ஆயிடுச்சு. இப்பவும் எங்கயோ டி-ன்னு சொல்லிக்கிட்டு மின்கம்பம் தூக்கிட்டிருக்கு. ஆனா முழுசா டி இல்ல. உள்ள கொஞ்சம் இ இருக்கு. ஒன்பது கிலோ. மிச்சம் ஆறு கிலோ என்னன்னு தெரியல."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். டிராக்டரில் இப்படியெல்லாம் வந்ததில்லை போலும். "பறந்துச்சா?"

"எடை போட்டிருக்காங்க. எடை போட்டா பறக்கத்தான் போடுவாங்க. ஆனா பறந்ததுக்குத் தாள் இல்ல."

"அப்போ அது ஒரு வகையா, இல்லையா?"

"அதைத்தான் மேடம் நான் உங்ககிட்டக் கேக்கலாம்னு வந்தேன்."

மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே ஒரு ஜி தட்டானை இழுவை வண்டி மெதுவாக இழுத்துக்கொண்டு போனது. "போடுங்க" என்றார். "ஆனா சின்னதாப் போடுங்க. யாராவது கேட்டா உங்களைக் கூப்பிடுவேன்."

படம் மாட்டப்பட்டது. மேலே ஏ, அதிலிருந்து பி, பி-யிலிருந்து ஒரு பக்கம் சி, மறுபக்கம் டி. டி-க்குக் கீழே புள்ளிக் கோட்டில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் இ, பக்கத்தில் ‘ஒன்று’ என்று எண்ணிக்கை. பிறகு எஃப், ஜி. அக்காவுக்குப் பிடித்த மாதிரி வந்திருந்தது என்று சொல்ல முடியாது. எஃப் என்பது டி-யிலிருந்து வந்ததா, இ-யிலிருந்து வந்ததா என்று கோடு இழுக்கும்போது அவருக்குக் கை நின்றது. இரண்டிலிருந்தும் இழுத்தார். வடிவமைப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து அது தப்பு என்றார்கள். எது சரி என்று கேட்டதற்கு இருவரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். விற்பனைப் பிரிவு அன்றிலிருந்து பத்து வகை என்று சொல்ல ஆரம்பித்தது.

விழாவுக்கு ஓய்வு பெற்றவர்களையும் அழைத்திருந்தார்கள். கணவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பக்கத்தில் நின்ற ஒருவர் இ-யைக் காட்டி, "இது என்னங்க?" என்று கேட்டார். அக்கா கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதை நான் கழட்டினேன்" என்றார் கணவர்.

"கழட்டினீங்களா? எதுக்கு?"

"கழட்டச் சொன்னாங்க."

"நல்லா இருந்ததை ஏன் கழட்டச் சொன்னாங்க?"

கணவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கும் தெரியாது. போட்டதாகச் சொன்ன இத்தனை வருடத்தில் ஒருவரும் அவரிடம் ஏன் என்று கேட்டதில்லை. கழட்டினேன் என்று சொன்ன முதல் நாளே கேட்டுவிட்டார்கள்.

அந்தக் கேள்வி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. அக்கா ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. அந்த ஒரு வருடமும், மத்தியான இடைவேளையில், அதைத் தேடினார். ஒரு கடிதத்தில், அந்தச் சின்ன இன்ஜின்களைச் செய்த கம்பெனியே மூடிவிட்டதாக இருந்தது. ஒரு விமானியின் குறிப்பில், நடுக்கம் தாங்கவில்லை, பல் கிட்டிக்கொண்டது என்று இருந்தது. ஒரு கூட்டக் குறிப்பில், பழைய உடம்பில் இரண்டு இன்ஜினை ஏற்றுவதைவிடப் புதிதாக ஒன்று செய்யலாம் என்று யாரோ சொன்னதாக இருந்தது. மூன்றும் ஒரே மாதத்துத் தாள்கள். மூன்றில் எது காரணம் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை.

மூன்றையும் வீட்டில் சொன்னார். கணவர் இன்ஜின் கம்பெனி மூடியதுதான் காரணம் என்றார். அக்கா நடுக்கம்தான் என்றார். ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. அடுத்த வாரம் கணவர் யோசித்துப் பார்த்து, பெட்டியில் வைத்த இன்ஜின்களின் போல்ட்டெல்லாம் தளர்ந்து இருந்தது ஞாபகம் வருகிறது, நடுக்கமாகத்தான் இருக்கும் என்றார். அதற்குள் அக்கா கம்பெனி மூடிய கட்சிக்கு மாறியிருந்தார். தம்பி வந்தால் இருவரும் அவரை நடுவில் உட்காரவைத்துத் தீர்ப்புக் கேட்பார்கள். அவர் ஒரு பக்கமும் சாய மாட்டார். எடைக்காரரும் ஓய்வு பெற்ற பிறகு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் வந்தால் மூன்றாவது காரணத்துக்கும் ஒரு ஆள் கிடைத்துவிடும்.